கடைக்கு வந்தவரை நாமே திருப்பி அனுப்பலாமா?



ஒரு சில்லறைக் கடை தேயத் தொடங்கினால் அது முதலில் கடைக்காரருக்குத் தெரிவதில்லை. அவருக்குச் சரக்குப் போடுகிற எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்குத்தான் தெரியும். வாரம் இரண்டு மூட்டை சர்க்கரை எடுத்தவர் ஒன்று போதும் என்பார். ஐந்து பெட்டி எண்ணெய் மூன்றாகும். பாக்கி வருவது பத்து நாள் தள்ளும். சிட்டை சுருங்குவதைப் பார்த்தே கடையின் நாடியைச் சொல்லிவிடலாம்.

ஆம்பூர் பக்கத்தில் எனக்கு இருபது வருடப் பழக்கமுள்ள ஒரு மளிகைக் கடைக்காரர் இருக்கிறார். அவருடைய சிட்டை ஒரு வருடமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. கேட்டதற்கு, "வியாபாரமே இல்லண்ணே. எல்லாரும் செல்போன்லயே வாங்கிக்கிறாங்க. மிச்சம் இருக்கறவங்க பெரிய கடைக்குப் போயிடறாங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் வசூலுக்குப் போனபோது மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை அவர் கடையிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆறு மணி என்பது நம் வட்டாரத்தில் முக்கியமான நேரம். ஷூ கம்பெனிகளில் வேலை முடிந்து பெண்கள் வேனிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகும் வழியிலேயே இரவுச் சமையலுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போகிற நேரம். நம் மளிகைக் கடைகளுக்குச் சோறு போடுவதே அந்த இரண்டு மணி நேரம்தான்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு அம்மாள் அரை லிட்டர் எண்ணெயும் கால் கிலோ பருப்பும் கேட்டார். பணம் கொடுக்கும்போது அதில் மூன்று பத்து ரூபாய் நாணயங்கள் இருந்தன. "ஏம்மா, இது செல்லாது, நோட்டா கொடு" என்றார் கடைக்காரர். அந்த அம்மாளிடம் வேறு பணம் இல்லை. பருப்பை வைத்துவிட்டு எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். முன்னால் வந்து நின்ற இரண்டு பெண்களை விட்டுவிட்டு, பின்னால் பைக்கில் வந்து சத்தம் போட்டவருக்கு முதலில் சிகரெட் கொடுத்தார். நான்கு ரூபாய் மிச்சம் தர வேண்டிய இடத்தில் நான்கு மிட்டாயை எடுத்து வைத்தார். ஒரு சிறுவன் காலையில் வாங்கிய பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுவந்து, "தேதி முடிஞ்சு போச்சாம், அம்மா மாத்திக் கொடுக்கச் சொன்னாங்க" என்றான். "பிரிச்சதை எல்லாம் மாத்த முடியாது, போடா" என்று விரட்டினார். இவ்வளவுக்கும் இடையில் பாதி நேரம் அவர் கண் செல்போனிலேயே இருந்தது.

கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. வாடிக்கையாளரே நம் கடைக்கு வரும் முக்கியமான விருந்தாளி என்று காந்தியடிகள் 1890-ல் தென்னாப்பிரிக்காவில் சொன்னதாக எழுதியிருக்கும் பலகை. நீங்களும் பல கடைகளிலும் வங்கிகளிலும் பார்த்திருப்பீர்கள். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவுக்குப் போனதே 1893-ல்தான். 1890-ல் அவர் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். ஆகவே அதை அவர் சொல்லியிருக்க முடியாது. யார் சொன்னால் என்ன, கருத்து நல்லதுதான். ஆனால் பலகைக்குக் கீழே நடந்தது வேறு.

செல்போன் அவர் கடையைக் கெடுக்கவில்லை. கடைக்கு வந்தவர்களை அவரே அனுப்பிக்கொண்டிருந்தார். இது அவர் ஒருவர் கதை என்றால் நான் பத்திரிகையில் எழுத மாட்டேன். நம்மில் பலர் கடையில் இது நடக்கிறது.

போகிறவர் சொல்லிவிட்டுப் போவதில்லை

சண்டை போடுகிற வாடிக்கையாளரைக் கண்டு நாம் பயப்படுகிறோம். உண்மையில் சண்டை போடுகிறவர் திரும்பி வருவார். நம் கடையில் அவருக்கு இன்னும் உரிமை இருப்பதால்தான் சண்டை போடுகிறார். பேசாமல் போகிறவர்தான் வர மாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பம் நம்மிடம் மாதம் 4,000 ரூபாய்க்கு மளிகை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 48,000 ரூபாய். நூற்றுக்கு எட்டு ரூபாய் மிச்சம் என்றாலும் 3,840 ரூபாய் லாபம். மூன்று நாணயத்தை மறுத்ததற்கும் நான்கு ரூபாய்க்கு மிட்டாய் கொடுத்ததற்கும் நாம் கொடுக்கிற விலை அதுதான். அந்த அம்மாள் வேனில் கூட வருகிற பத்துப் பேரிடம் சொன்னால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து ரூபாய் நாணயம் செல்லும்

நம் பக்கத்தில் பல ஊர்களில் இந்த நாணயத்தை வாங்க மறுக்கிறார்கள். 2009-ல் புழக்கத்துக்கு வந்த நாணயம் இது. 2011 முதல் ரூபாய்க் குறியீட்டுடன் வரத் தொடங்கியது. பிறகு தலைவர்கள், நிகழ்ச்சிகள் நினைவாகவும் வெவ்வேறு அச்சில் வெளியிட்டார்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லாததால், குறியீடு இருப்பது நல்லது, இல்லாதது போலி என்றும், பத்துக் கோடு போட்டது செல்லும், பதினைந்து கோடு போட்டது செல்லாது என்றும் யாரோ கிளப்பிவிட்டார்கள். 2016 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதை மறுத்து அறிக்கை விட்டது. 2018 ஜனவரி 17-ல் மறுபடியும் அறிக்கை விட்டு, அதுவரை வெளியான 14 வகை நாணயங்களும் செல்லும் என்று விளக்கமாகவே சொன்னது. 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் உள்ள நாணயங்களை மொத்தம் 1,000 ரூபாய் வரைக்கும் கொடுத்துக் கடனைத் தீர்க்கலாம்.

அப்படியிருந்தும் ஏன் நிற்கவில்லை? கடைக்காரரைக் கேட்டால், "நான் வாங்கினா ஜனங்க திருப்பி வாங்க மாட்டேங்கிறாங்க" என்கிறார். ஜனங்களைக் கேட்டால், "கடையில வாங்க மாட்டேங்கிறாங்க" என்கிறார்கள். இரண்டு பேரும் சொல்வது உண்மை. இந்த வட்டத்தை யாராவது ஒருவர் அறுக்க வேண்டும். அதை அறுக்கக்கூடியவர் கடைக்காரர்தான். வாங்கிய நாணயத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் வங்கிக் கணக்கில் கட்டலாம், எங்களுக்குத் தரவேண்டிய பாக்கியில் கொடுக்கலாம். மொத்த வியாபாரிகளாகிய நாங்களும் முகம் சுளிக்காமல் வாங்க வேண்டும். எங்கள் மண்டியில் இப்போது வாங்குகிறோம். இரண்டு வருடம் முன்பு வரை நாங்களும் மறுத்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மிட்டாய்ச் சில்லறையும் இதைச் சேர்ந்ததுதான். சில்லறைத் தட்டுப்பாடு உண்மை. ஆனால் நாம் கொடுக்கிற மிட்டாயை அவர் நாளைக்குத் திருப்பிக் கொடுத்தால் நாம் ஒரு ரூபாயாக எடுத்துக்கொள்வோமா? மாட்டோம் என்றால் அது சில்லறை இல்லை. கேட்காத சரக்கை அவர் தலையில் கட்டுகிறோம். பத்து, பதினைந்து ரூபாய்க்குப் போனில் பணம் அனுப்பினால் வாங்காத கடைகளும் இருக்கின்றன. யு.பி.ஐ. வழியாக வங்கிக் கணக்கிலிருந்து வருகிற பணத்துக்கு வியாபாரியிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி 1 முதல் சட்டமே இருக்கிறது. சில்லறைத் தொல்லை தீர அதைவிட நல்ல வழி இல்லை.

விலை, எடை, தேதி

பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடங்கிவிட்டது. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். குளிர்பானத்துக்கும் பாலுக்கும் "கூலிங் சார்ஜ்" என்று இரண்டு ரூபாய் சேர்ப்பது, விலையின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது எல்லாம் 2009-ம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்திலும் 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளிலும் வருகிறவை. நம் மாநிலத்தில் தொழிலாளர் துறை அதிகாரிகள்தான் இதைப் பார்க்கிறார்கள். மின்னணுத் தராசுக்கு வருடம் ஒரு முறை முத்திரை போட வேண்டும். முத்திரைச் சான்றிதழை அலமாரியில் பூட்டி வைக்காமல் தராசுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். தராசின் எண் வாடிக்கையாளர் பக்கமும் தெரிய வேண்டும். நாம் நியாயமாகத்தான் நிறுக்கிறோம், ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பலன் பாதிதான்.

பொருள் சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தால் என்ன செய்வது? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. 1986-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. இதன்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி வாங்க மறுப்பதும் அப்படியே. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை. 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் புகார் சொல்லலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று எழுதி மாட்டியிருக்கிற பலகை குறையுள்ள சரக்குக்கு நம்மைக் காப்பாற்றாது.

நான் பார்த்த அந்தப் பிஸ்கட் கதைக்கு வருகிறேன். சிறுவன் போன பிறகு பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். அது என் கிடங்கிலிருந்து போன சரக்கு. இருபது நாள் ஆயுள் இருக்கும்போது, "சேர்த்து எடுத்துக்குங்க, ரேட் கம்மி" என்று என் ஆள் தள்ளிவிட்ட பெட்டி. சில்லறைக் கடைக்காரர் முகம் சுளிக்கிறார் என்று நாம் பேசுகிறோம். தேதி நெருங்கிய சரக்கைத் தள்ளிவிட்டு, திருப்பி எடுக்க மறுக்கிற மொத்த வியாபாரிதான் பல சமயம் அந்தச் சுளிப்புக்குக் காரணம். பிஸ்கட்டை மாற்றிக் கொடுத்தால் நஷ்டம் தன் தலையில்தான் என்று அவருக்குத் தெரியும். ஆகவே சிறுவனை விரட்டுகிறார். அன்றைக்கே அந்தப் பெட்டியில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு பணத்தைக் கழித்தேன். மொத்த வியாபார நண்பர்களும் இதை யோசிக்க வேண்டும்.

கோபம் வந்தால் வாடிக்கையாளரே கடை திறப்பார்

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர். நெசவாலை ஊர், நம் ஆம்பூர், வாணியம்பாடி போல உழைப்பாளிகள் ஊர். அங்கே கலப்பட மாவும் குறை எடையும் பொறுக்க முடியாமல் 28 பேர் சேர்ந்து, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ல் தாங்களே ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. உலகம் முழுவதும் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு அந்தச் சிறிய கடைதான் முன்மாதிரி. நம் சென்னையில் 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் அந்த வழியில் வந்ததுதான்.

பிறகு பெரிய கடைகள் வந்தன. 1996-ல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு வந்தது. 1997-ல் சுபிக்ஷா வந்தது. நம் சங்கக் கூட்டங்களில் அப்போது எவ்வளவு பயந்தோம் என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். சுபிக்ஷா நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகள் வரை வளர்ந்து, கைப்பணம் இல்லாமல் 2009-ல் மூடப்பட்டது. நம் கடைகள் நின்றன. அப்போது நாம் ஜெயித்துவிட்டோம் என்று பேசிக்கொண்டோம். யோசித்தால் அவர்கள் கணக்கில் அவர்கள் விழுந்தார்கள், நாம் ஜெயிக்கவில்லை. இப்போது பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிறோம் என்று வேறு ஆட்கள் பெரிய நகரங்களில் வந்துவிட்டார்கள். விலையில் அவர்களோடு போட்டி போட நம்மால் முடியாது. நமக்கென்று இருப்பது வேறு.

நமக்கு இருக்கும் பலம்

1996 ஆகஸ்ட் 28-ல் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத தோல் ஷாப்புகளை மூட வேண்டி வந்தது. பாலாறு கெட்டது உண்மை, தீர்ப்பு வேண்டியதுதான். ஆனால் கூலி நின்ற வீடுகளில் அடுப்பு எரிய வேண்டுமே. அப்போது கடன் நோட்டை மூடி வைத்த கடைகளும் உண்டு. "பரவாயில்லைம்மா, வேலை திறந்ததும் கொடு" என்று அரிசி போட்ட கடைகளும் உண்டு. அரிசி போட்ட கடைகளில் இன்றைக்கு அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சாமான் வாங்குகிறார்கள்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோதும் இதையேதான் பார்த்தோம். பெரிய கடைக்குப் போக முடியவில்லை, தெருக்கடைதான் கை கொடுத்தது. அந்த நாளில் விலையை ஏற்றாமல் விற்றவரையும் ஏற்றி விற்றவரையும் மக்கள் மறக்கவில்லை.

வேலூர்க்காரர்கள் வேறொரு பாடமும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு இன்று மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று பல பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். காந்தி ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகை இருக்கும், கடையில் கடுகெண்ணெய் இருக்கும், எட்டாம் வகுப்புப் படித்த நம் ஊர்ப் பையன் வங்காளியில் விலை சொல்வான். யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. வந்தவர் கவலையோடு வந்திருக்கிறார், அவருக்கு வேண்டியது என்ன என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். முன்பின் தெரியாத மனிதருக்கு அவர் பாஷையில் பேச முடிகிற நமக்கு, தினமும் வருகிற அடுத்த தெரு அம்மாளிடம் தமிழில் இரண்டு நல்ல வார்த்தை பேச முடியாதா?

கடைப்பையனும் மனிதன்தான்

காலை ஆறு மணிக்கு வந்து இரவு பத்து மணி வரை நிற்கிற பையனிடம் சிரித்த முகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று நம் மாநிலத்தில் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். ஸ்டூல் போடுவது பெரிய செலவில்லை. வாடிக்கையாளர் முன்னால் அவனைத் திட்டாதீர்கள். நம்மிடம் வாங்கிய திட்டை அவன் அடுத்து வருகிறவரிடம்தான் கொட்டுவான்.

செய்ய வேண்டியவை

நாளைக்கே செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

1. கூட்ட நேரத்தில் போனைக் கல்லாவில் வைத்துவிடுங்கள். கை வேலையாக இருந்தாலும், "வாங்கம்மா, இதோ வர்றேன்" என்று வந்தவரை ஒரு தரம் நிமிர்ந்து பாருங்கள்.

2. முன்னால் வந்தவருக்கு முதலில். சத்தம் போடுகிறவருக்கும் பைக்கில் வந்தவருக்கும் தனி வரிசை கிடையாது.

3. குழந்தை கையில் காசு கொடுத்து அனுப்பினால், பெரியவருக்குக் கொடுப்பதைவிடக் கவனமாகக் கொடுங்கள். மிச்சக் காசைச் சீட்டில் எழுதிச் சுருட்டிக் கொடுங்கள். வீட்டில் எண்ணிப் பார்ப்பார்கள்.

4. கடன் நோட்டில் எழுதும்போதே அவரிடமும் ஒரு சிறு நோட்டில் எழுதிக் கொடுங்கள். மாதக் கடைசிச் சண்டைகளில் பாதி அதோடு நிற்கும். பாக்கியை நாலு பேர் முன்னால் கேட்காதீர்கள். மானத்துக்குப் பயந்தவர் பாக்கியோடு கடையையும் மாற்றிவிடுவார்.

5. இல்லாத பொருளை, "இல்லை" என்று வெட்டிச் சொல்லாமல் எழுதி வையுங்கள். மூன்று பேர் கேட்ட பொருளை அடுத்த சிட்டையில் சேருங்கள்.

6. வாரம் ஒரு நாள் அலமாரியில் தேதி பாருங்கள். ஒரு மாதத்துக்குள் முடிகிற சரக்கு இருந்தால் எங்களுக்கு உடனே சொல்லுங்கள்.

அந்த ஆம்பூர்க் கடைக்காரர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்றிரவு கடை அடைக்கும்போது நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவருக்குக் கோபம்தான் வந்தது. "பதினாறு மணி நேரம் நின்னு பாருங்கண்ணே, அப்பத் தெரியும்" என்றார். அதுவும் நியாயமான பேச்சுதான், மறுக்கவில்லை. பதினைந்து நாள் கழித்துப் பாக்கி கொடுக்க வந்தார். எண்ணிப் பார்த்தால் அதில் பத்து ரூபாய் நாணயமாகவே 420 ரூபாய் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டேன். சிட்டை இன்னும் பழைய அளவுக்கு வரவில்லை. ஆனால் சுருங்குவது நின்றிருக்கிறது.

சட்டத்துக்குப் பயந்து நல்லபடி நடப்பது ஒரு வகை. போட்டிக்குப் பயந்து நடப்பது இன்னொரு வகை. எப்படி நடந்தாலும் நல்லதுதான். ஆனால் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் பெரிய கடைகளையெல்லாம் தாண்டி நம் படியேறி வருகிறார் என்றால், அவர் நம்மேல் ஒரு நம்பிக்கை வைத்து வருகிறார். அதைக் காப்பாற்றிக்கொண்டால் நம் பிள்ளைகள் உட்காரக் கடை இருக்கும்.